வாய் காயுதுங்க, சிஸ்டர்

என் வேலைக் காலத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். "வாய் காயுதுங்க, சிஸ்டர்."

நான் சிஸ்டர் அல்ல. நர்ஸ் படிப்புப் படித்தவளும் அல்ல. குன்னூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய்ப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் யாராக இருந்தாலும் மலையில் எல்லோருக்கும் சிஸ்டர்தான். ஆரம்பத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது.

இப்போது என் நாற்காலியில் இருக்கும் நிவேதா சென்ற வாரம் போன் செய்தாள். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் மெஷின், இப்போதெல்லாம் ஆள் பல் தேய்ப்பதற்குள் அவர் எப்படித் தூங்கினார் என்று ஆஸ்பத்திரிக்குத் தகவல் அனுப்பிவிடுகிறது. "சிஸ்டர், ரிப்போர்ட்ல எல்லாமே பச்சையா இருக்கு. ஆனா வாய் காயுதுன்னு சொல்லி மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்துட்டாரு. நான் எதைப் பார்க்காம விட்டேன்?" என்றாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். போனை வைத்த பிறகும் பேச்சு எனக்குள் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடுவட்டத்துப் பக்கம் ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் நான். பன்னிரண்டாவது முடித்து, கோயம்புத்தூரில் ஒரு வருடம் ஈ.சி.ஜி. எடுக்கக் கற்றுக்கொண்டு, குன்னூரில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு நுரையீரலுக்கு ஊதும் டெஸ்ட். அதற்கும் பிறகு, டாக்டர் மெர்லின் வந்து தூக்கப் பரிசோதனை அறை ஒன்றைத் தொடங்கியபோது, "செல்வி, நீ வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டார். படித்த கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த அறையில் கற்றது.

டாக்டர் மெர்லின் நாகர்கோவில்காரர். உயரமானவர், மெதுவாகப் பேசுபவர். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது குறைவு, கோபப்பட்டுப் பார்த்ததும் குறைவு. அறை தொடங்கிய முதல் நாள் மதியம் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, மூக்கை மூடும் மாஸ்க்கை மாட்டி, மெஷினை ஓடவிட்டார். காற்று மூக்கு வழியாக உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்வதுதான் இந்த நோய். அந்தப் பாதையைத் திறந்து வைத்திருப்பது இந்தக் காற்று.

"இப்ப உன் பேரைச் சொல்லு" என்றார்.

வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. மூக்கில் ஏறிய காற்று முழுவதும் வாய் வழியாகப் புஸ்ஸென்று வெளியே வந்தது. ஒரு நிமிடத்தில் நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஒரு நிமிஷத்துக்கே இப்படி. ராத்திரி ஆறு மணி நேரம் வாய் திறந்திருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுக்கோ. வாய் காயுதுன்னு ஒருத்தர் சொன்னா அது சின்ன விஷயம்னு நீ என்னைக்கும் நினைக்கக் கூடாது. அதனாலதான் முக்கால்வாசிப் பேரு மெஷினை மூட்டை கட்டி அலமாரிக்கு மேல வைக்கிறாங்க."

அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் மூக்கைப் பார்க்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் வாய் தானாகத் திறக்கும். அதைச் சரிசெய்யாமல் தாடையைப் பட்டை போட்டுக் கட்டினால் ஆளுக்குத் திணறும். மூக்கு சரி என்றால் மெஷினோடு இருக்கும் சிறிய தண்ணீர்த் தொட்டி. தொட்டித் தண்ணீர் சூடாகி, போகும் காற்றை ஈரப்படுத்த வேண்டும். அதன் பிறகுதான் மாஸ்க்கும் வாயும். கடைசியாக அவர் சாப்பிடும் மாத்திரைகள், ஏனென்றால் சில மாத்திரைகளே வாயை உலர்த்தும். இந்த வரிசையை யாராவது மாற்றினால், "நீங்க மேல இருந்து படி இறங்கறீங்க. கீழ இருந்து ஏறுங்க" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. என் நோட்டில் நோயாளி சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதியிருக்க வேண்டும். "வாய் வறட்சி" என்று எழுதி வைத்தால் பேனாவால் அடியில் கோடு போட்டு, "இதை அவர் சொன்னாரா, நீ சொல்றியா?" என்று கேட்பார்.

நடுவட்டத்தில் இருந்து வந்த ஒரு ரிட்டயர்டு கண்டக்டரின் விஷயத்தில்தான் முதல் பாடம் எனக்கு நன்றாக ஏறியது. அவருக்குக் காதுவரை போகும் மீசை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் கொடுத்திருந்தோம். மீசை இடுக்கு வழியாகக் காற்று கசிந்து, காலையில் வாய் காய்ந்து எழுந்துகொண்டிருந்தார். நான் பெரிய கண்டுபிடிப்புப் போல, "மீசையைக் கொஞ்சம் குறைச்சுக்கங்களேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் தெரிந்து டாக்டர் என்னை அடுத்த பஸ்ஸில் நடுவட்டத்துக்கு அனுப்பினார். புறப்படும்போது அவர் சொன்னது ஒரே வரி: "மீசையை மாத்தாதே, மாஸ்க்கை மாத்து." மூக்குத் துளையில் மட்டும் பொருந்தும் சிறிய ரகம் ஒன்றைக் கொண்டுபோனேன். அவர் மூக்கில் அடைப்பு எதுவும் இல்லாததால் அது சரியாக உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்து மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டு, "இத மொதல்லயே குடுத்திருக்கலாம்ல சிஸ்டர்" என்றார். அதன் பிறகு குன்னூர்ப் பக்கம் வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் இறங்கி ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போவார்.

ஆனால் நிவேதா போனில் கேட்டபோது என் நினைவுக்கு முதலில் வந்தவர் அவர் அல்ல. சிவசாமி.

சிவசாமிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஜெகதளாவில் வீடு. குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் டீ டேஸ்டர். ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது அவர் வேலை. வரிசையாக நாற்பது ஐம்பது கிண்ணங்களில் சாறு இறக்கி வைத்திருப்பார்கள். கரண்டியில் எடுத்து, சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பிவிட்டு, அடுத்த கிண்ணத்துக்கு நகர்ந்துகொண்டே தரம் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருடமாக அந்த நாக்கை நம்பித்தான் அவர் வீடு நடந்தது.

அவர் எங்களிடம் வந்தது நாக்குக்காக அல்ல. மலைப்பாதையில் கார் ஓட்டும்போது ஒரு கணம் கண் செருகி, தடுப்புச் சுவரில் உரசி நின்றிருக்கிறார். காட்டேரி கிராமத்துப் பக்கம், பட்டப்பகலில். பரிசோதனையில் மூச்சு மிக அடிக்கடி நிற்பது தெரிந்தது. டாக்டர் மெஷினை எழுதிக் கொடுத்து, அது பழகும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்றார். எங்கள் அறையில் மாட்டிப் பார்த்த அன்று குழந்தைபோல் தூங்கினார். எழுந்ததும், "இப்படித் தூங்கி எத்தன வருசமாச்சுங்க" என்றார். வாய் காயவில்லை, எதுவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்தார். முகம் தெளிவாக இருந்தது. பகல் தூக்கம் போய்விட்டது. ஆனால் உட்கார்ந்ததும் சொன்னார்: "இது என்ற நாக்கு மாதிரியே இல்லீங்க, சிஸ்டர். வேற யாரோட நாக்கையோ வாங்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

தேயிலையில் நல்ல துவர்ப்பு ஒன்று உண்டு. நாக்கைச் சுண்டி எழுப்புகிற துவர்ப்பு. எச்சில் இருந்தால்தான் அது நல்லதாகத் தெரியும். காய்ந்த நாக்குக்கு எல்லாத் துவர்ப்பும் முரடாகத் தெரியும். குந்தா பக்கத்தில் ஒரு சிறிய ஃபேக்டரி அனுப்பிய அருமையான தூளை அவர் முரடு என்று ஒதுக்கிவிட்டிருக்கிறார். ஃபேக்டரிக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். கம்பெனியில் இன்னொரு டேஸ்டரை வைத்துப் பார்த்ததில் சிவசாமி சொன்னது தப்பு என்று தெரிந்தது. அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு முறை இப்படி ஆகியிருக்கிறது.

"அடுத்த மாசம் ஒரு வியாழக்கெழம ரெண்டு பேரையும் ஒண்ணா நிறுத்தி, பேரு மறச்சு, கிண்ணம் வெக்கறாங்களாமுங்க. அதுல தப்பாப் போச்சுன்னா என்னைய குடோனுக்கு மாத்திருவாங்க. மெஷினில்லாமப் படுத்தா நாக்கு நல்லா இருக்குது, ஆனா ஆபீஸ்ல கிண்ணத்து முன்னாடியே தூங்கி விழுகறன். மெஷினோட படுத்தா முழிப்பா இருக்கறன், நாக்கு போயிருது. நான் எதைங்க விடறது?"

நான் கீழிருந்து படி ஏறினேன். மூக்கில் லேசான அடைப்பு. உப்புநீர் விட்டு மூக்கைக் கழுவக் கற்றுக்கொடுத்தேன். தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று கேட்டேன். "டெய்லி ஊட்டுல ஊத்தறாங்க" என்றார். சூட்டை இன்னும் ஒரு படி ஏற்றிவிட்டேன். அடுத்த வாரமும் வந்தார், அதே நாக்கு. மூக்கோடு வாயையும் மூடும் மாஸ்க்குக்கு மாற்றினேன். அதற்கடுத்த வாரம் தாடைப் பட்டை. சூட்டை உச்சத்தில் வைத்தேன். டாக்டர் அவருடைய மாத்திரைகளில் ஒன்றை மாற்றிக் கொடுத்தார். மெஷினின் ரிப்போர்ட்டில் கசிவு இல்லை, மூச்சு நிற்பதும் இல்லை, சூடு உச்சத்தில் இருப்பதாகவே காட்டியது. காகிதத்தில் இதைவிட நல்ல நோயாளி எனக்கு இருந்ததில்லை.

நான்காவது முறை வந்தபோது மெஷினைப் பையோடு மேஜைமேல் வைத்தார். "வியாழக்கெழமைக்கு இன்னும் பதிமூணு நாளுங்க. அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்" என்றார்.

டாக்டர் என் நோட்டை முதல் பக்கத்தில் இருந்து படித்தார். எல்லாவற்றையும். "டெய்லி ஊட்டுல ஊத்தறாங்க" என்ற இடத்தில் பேனா நின்றது.

"யாரு ஊத்தறா?"

"அவர் வீட்டம்மாவா இருக்கும், மேடம்."

"இருக்குமா? நீ பார்த்தியா?" நோட்டை மூடினார். "மெஷினை எடுத்துக்கிட்டு நீயும் அவரோட வீட்டுக்குப் போ. அது எங்க உட்கார்ந்திருக்குன்னு பார்த்துட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். தேயிலைக்கு நடுவில் சின்ன வீடு, ஓடு வேய்ந்தது. சிவசாமியின் மனைவி தனலட்சுமி கதவைத் திறந்தார். சட்டென்று நினைவு வந்தது. மெஷின் கொடுத்த அன்று இவரும் கூட வந்திருந்தார். நான் சிவசாமிக்கு மாட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் வெளியே பெஞ்சில் கம்பளி பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வாங்க என்று நான் கூப்பிடவில்லை.

படுக்கையறை வடக்குப் பார்த்தது. பகலிலேயே கால் சில்லிட்டது. ஜன்னல் சட்டத்தில் விரல் நுழையும் இடைவெளி. கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே ஒரு பலகை அடித்து, பிளக் அங்கேதான் இருந்ததால், மெஷினை அதன்மேல் வைப்பார்களாம். அதை அங்கே வைத்துத் தொட்டியைத் திறந்தேன். உலர்ந்திருந்தது. தண்ணீர் தீர்ந்து காய்ந்த தொட்டிக்கு அடியில் லேசான கறையாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. துணியால் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"ரெண்டு நாளா ஆஸ்பத்திரியில இருந்துச்சுல்லீங்க, அதனால காஞ்சிருக்கும்" என்றார் சிவசாமி.

தனலட்சுமி, "காப்பி வெக்கறனுங்க" என்று அடுப்படிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

பால் பாத்திரத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "சிஸ்டர், தண்ணி மூக்குக்குள்ள போயிட்டா மூச்சடைச்சுரும்தானுங்களே?"

"எந்தத் தண்ணிங்க?"

"அந்தக் கொழாயில வருமே. மெஷின் வந்து மூணாம் நாளு, வெடியக்காலம் எந்திரிச்சுப் பாக்கறன், கொழாய்க்குள்ள தண்ணி நிக்குது. பூனை பால் குடிக்கற மாதிரி சத்தம். அவரு மூஞ்சிலயும் ஈரம். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க. இத்தன வருசம் மூச்சு நின்னுருமோன்னு அவரு நெஞ்சு மேல கைய வெச்சுட்டே படுத்திருந்தவ நான். மூச்ச நிக்க உடாத மெஷின் வந்துச்சேன்னு இருந்தா, அது தண்ணிய ஊத்தி அமுக்குது. அன்னையில இருந்து தண்ணிய ஊத்தற மாதிரி ஊத்தி, அவரு அந்தப் பக்கம் திரும்பறப்ப கொட்டிருவனுங்க."

"அவர்கிட்டச் சொல்லலியா?"

"சொன்னா மெஷினே வேண்டாம்னு தூக்கிப் போட்டுருவாருங்க. எனக்கு மெஷின் வேணும். தண்ணிதான் வேண்டாம்."

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, இன்னொரு பக்கம் வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக நான் மாற்றிய மாஸ்க், கட்டிய பட்டை, ஏற்றிய சூடு எல்லாம் காலித் தொட்டியோடு நடத்திய கூத்து. உலர்ந்த குளிர்காற்று இரவெல்லாம் மூக்கில் அடித்து, மூக்கு வீங்கி, உதடு பிரிந்து, நாக்கை உலர்த்தியிருக்கிறது. அந்த அம்மா பார்த்ததும் பொய் இல்லை. தொட்டியில் இருந்து வெதுவெதுப்பாக வரும் ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த அறையில் குழாய்க்குள் வேர்த்துத் தண்ணீராகிறது. மெஷின் தலைக்கு மேலே இருப்பதால் அது நேராக மூக்குக்கு வடிகிறது. வேர்க்கும் என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இரவில் விழித்திருந்து அந்த மெஷினைப் பார்ப்பவர் யார் என்று நான் யோசிக்கவே இல்லை.

"மூச்சடைக்காதுங்க. அவ்வளவு தண்ணி சேராது. ஆனா மூஞ்சில ஈரம் பட்டா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். தப்பு என்னோடதுங்க. உங்களை உள்ள கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்" என்றேன். "அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதானா சொல்லுங்க."

காப்பியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு, தனலட்சுமி நின்றபடியே சொன்னார்: "ஏனுங்க, தொட்டியில நான் தண்ணியே வெக்கறதில்லீங்க."

சிவசாமி டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தன நாளா?"

"மூணாம் நாள்ல இருந்து."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்த் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்டை வரும் என்றே நினைத்தேன். அந்த நாக்கினால் அவர் பட்ட அவமானம் எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது அவர் கேட்டது வேறு. "அப்ப நீ தெனமும் வெடியக்காலம் எந்திரிச்சு என்னையப் பாத்துட்டா இருக்கற?"

"பின்ன?" என்றார் அந்த அம்மா.

அவர் மறுபடியும் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

மூன்று பேரும் வேலையில் இறங்கினோம். பலகையில் இருந்த மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வான ஒரு முக்காலிக்கு இறக்கினோம். இனி குழாயில் வேர்ப்பது மூக்குப் பக்கம் வராமல் மெஷின் பக்கம் வடியும். சூட்டை உச்சத்தில் இருந்து நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னல் இடுக்கில் பழைய துணியை மடித்துச் செருகினோம். குழாய் போர்வைக்கு அடியில் வர வேண்டும், சில்லிடக் கூடாது என்றேன். தனலட்சுமி குழாயை முழம் போட்டு அளந்தார். "இதுக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டுட்டாப் போவுது" என்றார். பிறகு அவர் கையாலேயே டிஸ்டில்டு வாட்டரைத் தொட்டியில் கோடுவரை ஊற்றச் சொன்னேன். சிவசாமியைப் படுக்கவைத்து மாட்டிவிட்டோம். பத்து நிமிடத்தில் தூங்கிப்போனார்.

நாங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தோம். உதடு பிரியவில்லை. அந்த அம்மா இரண்டு தடவை குழாயைத் தொட்டுப் பார்த்து, விரலைத் தேய்த்துக்கொண்டார். ஈரம் இல்லை. மூன்றாவது தடவை தொடவில்லை, கம்பளியை எடுத்துப் பின்ன ஆரம்பித்துவிட்டார்.

சிவசாமி எழுந்து, மாஸ்க்கைக் கழற்றி, நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். மீதியிருந்த ஆறிப்போன காப்பியை ஒரு வாய் உறிஞ்சினார். "காப்பியில சிக்கரி ஜாஸ்தி" என்றார். தனலட்சுமி என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அந்த அறையின் குளிரே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வார்டுக்குப் போன் வந்தது. இரண்டு டேஸ்டர்களும் ஏறக்குறைய எல்லாக் கிண்ணத்திலும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு கிண்ணத்தில்தான் வித்தியாசம். இன்னொருவர் நல்லது என்றதை, சிவசாமி புகைவாடை அடிக்கிறது என்றிருக்கிறார். புதிதாகச் சாறு இறக்கி எல்லோரும் குடித்துப் பார்த்தபோது புகை இருந்தது. அந்த ஃபேக்டரியில் உலர்த்தும் மெஷினில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, அவர்களுக்கே அதுவரை தெரியாது. "எச்சில் ஊறுதுங்க, சிஸ்டர்" என்றார் சிவசாமி. நான் மருந்து டிராலிக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சிரித்ததில் ஒரு நோயாளி எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு மாற்றம் வந்தது. மெஷின் கற்றுக்கொடுக்கும் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டோம். பக்கத்தில் படுப்பவர் வராமல் மெஷினைக் கொடுப்பதில்லை. நிவேதாவிடமும் நான் கேட்டது அதைத்தான்: "அவர் ரூம்ல வேற யார் தூங்கறாங்க?"

அந்த வியாழக்கிழமைக்கு ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குச் சிவசாமியும் தனலட்சுமியும் வந்தார்கள். பையில் இருந்து குழாயை எடுத்து மேஜையில் வைத்தார்கள். சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாக, இரண்டு முனையிலும் நாடா வைத்து, முழுக் குழாய்க்கும் ஸ்வெட்டர். டாக்டர் மெர்லின் அதைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். "இன்னும் எத்தனை பின்ன முடியும் உங்களால?" என்று கேட்டு, வரும் குளிர்காலத்துக்கு எங்கள் நோயாளிகளுக்கெல்லாம் பின்னித்தர ஒப்புக்கொள்ள வைத்தார்.

பிறகு சிவசாமியை விட்டுவிட்டு அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீங்க எப்படித் தூங்கறீங்க?"

அப்படி ஒரு கேள்வியை யாரும் அதுவரை அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "இப்பெல்லாம் நான்தானுங்க மொதல்ல தூங்கிப்போறன். அவரு எப்ப வந்து படுத்தாரு, எப்ப மாட்டுனாருன்னே தெரியறதில்லீங்க. காத்தால அவரு எழுப்பி உட்டாத்தான் உண்டு."

"அத நான் சொல்லலாமுங்களா, டாக்டர்?" என்றார் சிவசாமி. "என்ற மெஷின் சத்தமே போடறதில்லீங்க. இப்ப இவ விடற கொறட்டையிலதான் எனக்குத் தூக்கம் போவுது."

"நானா? பொய் சொல்லாதீங்க" என்று தனலட்சுமி அவர் முழங்கையில் தட்டினார்.

டாக்டர் மெர்லின் மேஜை இழுப்பறையைத் திறந்து, புது நோயாளிகளுக்கு நிரப்பும் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். நான் அவரோடு வேலை பார்த்த வருடங்களில் அன்றுதான் அவர் பல் தெரியச் சிரித்தார்.

"உங்க பேரு சொல்லுங்கம்மா."